ஆற்றுக்குக் காவலர் யார்?

சேலம் நகருக்கு வடக்கே, சேர்வராயன் மலையடிவாரத்தில், வெள்ளைவெளேரென்று பரந்து கிடக்கும் கரட்டு நிலத்தை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஊர் மக்கள் அதனை வெள்ளைக்கல் என்பார்கள். அக்காலத்தில் இங்கு வந்த ஆங்கிலேயர் அந்த வெண்மையைக் கண்டதும் தம் நாட்டுச் சுண்ணக் குன்றுகளை நினைத்துக்கொண்டு 'சாக் ஹில்ஸ்' என்று பெயரிட்டுவிட்டனர். நிலவியல் நூல்களில் அந்தப் பெயர் இன்றளவும் நின்றுவிட்டது. ஆனால் அங்கே இருப்பது சாக் எனப்படும் சுண்ணப்பாறை அன்று. மக்னசைட் என்னும் கனிமம். எஃகு உலைகளுக்கு வேண்டிய செங்கல் செய்ய உதவுவது. பெயர் ஒன்று, பொருள் வேறொன்று. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று நூலகத்தில் தேடப்போன நான், இங்கிலாந்தின் சுண்ணப்பாறைக் குன்றுகளுக்கும், அவற்றிலிருந்து புறப்படும் ஆறுகளுக்கும், அந்த ஆறுகளின் கரையில் தூண்டிலோடு நிற்கும் மனிதர்களுக்கும் போய்ச் சேர்ந்தேன். அங்கிருந்து திரும்பிப் பார்த்தபோது நம் திருமணிமுத்தாறு கண்ணில் பட்டது. அந்த ஆற்றைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

முதலில் அந்த ஆறுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தென் இங்கிலாந்தில் பெய்யும் மழை உடனே ஆற்றில் ஓடிவிடுவதில்லை. கடற்பஞ்சு போன்ற சுண்ணப்பாறை அதனைக் குடித்து, வடிகட்டி, நாள் கழித்து ஊற்றுகளாக வெளியே விடுகிறது. ஆகவே அந்த ஆறுகளில் வெள்ளப்பெருக்கும் கலங்கலும் குறைவு. கோடையிலும் நீர் குளிர்ந்தே இருக்கும். ஊற்று நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் 10, 11 டிகிரி செல்சியசை ஒட்டியே நிற்கும். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம் என்னும்படியான தெளிவு. இத்தகைய ஆறுகள் உலகத்தில் மிகச் சிலவே. அவற்றுள் பெரும்பகுதி, 200-க்கும் மேற்பட்டவை, இங்கிலாந்தில் உள்ளன. ஹாம்ப்ஷயர் மாவட்டத்து டெஸ்ட், இட்சென் என்ற இரண்டும் அவற்றுள் புகழ் வாய்ந்தவை.

இந்த ஆறுகளில்தான் 'பிளை பிஷிங்' என்னும் தூண்டில் முறை ஒரு கலையாகவே வளர்ந்தது. தமிழில் அதனைப் பூச்சித் தூண்டில் என்று சொல்லிக்கொள்வோம். நாம் முள்ளில் மண்புழுவைக் கோத்து, தக்கையைக் கட்டி, ஈயத்தின் கனத்தால் இரையை நீருக்குள் இறக்குகிறோம். அவர்களோ இறகையும் நூலையும் முள்ளின்மீது சுற்றி, ஒரு சிறு பூச்சியைப்போலவே பொம்மை செய்கிறார்கள். அதற்குக் கனமே கிடையாது. ஆதலால் கயிற்றையே கனமாகச் செய்து, சாட்டையைப்போல் முன்னும் பின்னும் வீசி, அந்தப் பொம்மைப் பூச்சி நீரின்மேல் மெல்ல வந்து அமரும்படி விடுகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெடரிக் ஹால்ஃபர்டு என்பவர் இந்த மிதக்கும் பூச்சி முறைக்கு இலக்கணமே வகுத்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. டிரௌட் என்னும் அந்த மீன், அன்றைக்கு ஆற்றிலிருந்து எந்தப் பூச்சி கிளம்புகிறதோ அதையே தேடித் தின்னும் இயல்புடையது. எனவே தூண்டில் போடுகிறவன் முதலில் பூச்சியை அறிந்திருக்க வேண்டும். 'மேபிளை' என்று ஒரு பூச்சி. அது இளம்பருவத்தில் ஓராண்டு, ஈராண்டு நீருக்கடியில் வாழ்ந்து, பின் சிறகு முளைத்து மேலே வந்து, ஒருநாள், இருநாள் பறந்து, முட்டையிட்டு மடிந்துபோகும். அந்த ஒருநாள் வாழ்வை நோக்கிக் கரையில் காத்திருக்கிறவன், தண்ணீர் கெட்டால் பூச்சி வராது என்பதை எந்த அதிகாரிக்கும் முன்னால் தெரிந்துகொள்கிறான். மீனை விரும்பியவன் பூச்சியை விரும்ப நேர்ந்தது. பூச்சியை விரும்பியவன் தண்ணீருக்குக் காவலனாக நேர்ந்தது.

'வேலையற்ற சீமான்களின் பொழுதுபோக்கு இது. இதற்குப் போய் காவல் என்று பெரிய பெயரா?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நானும் கேட்டுக்கொண்ட கேள்விதான். அதற்கு விடையாக ஒரு வழக்கைச் சொல்லலாம். 1948-ஆம் ஆண்டில் ஜான் ஈஸ்ட்வுட் என்ற வழக்கறிஞர் இங்கிலாந்துத் தூண்டிற்காரர்களை ஒன்று சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். ஆற்றைக் கெடுப்பவர்மீது வழக்குத் தொடுப்பது ஒன்றே அதன் வேலை. டெர்பி நகரில் ஓடும் டெர்வென்ட் ஆறு சுண்ணப்பாறை ஆறு அன்று. தொழில் நகரத்து ஆறு. செயற்கைப் பட்டு ஆலையின் கழிவு, மாநகராட்சி முழுதும் சுத்திகரிக்காமல் விட்ட சாக்கடை, மின்நிலையத்தின் கொதிநீர் ஆகிய மூன்றும் அதில் கலந்தன. அங்கிருந்த தூண்டிற்காரர் மன்றம், நில உரிமையாளர் ஒருவருடன் சேர்ந்து, அந்த ஆலை, மாநகராட்சி, மின் வாரியம் ஆகிய மூவர்மீதும் வழக்கிட்டது. 1952-இல் தீர்ப்பு தூண்டிற்காரர்களின் பக்கமே கிடைத்தது. 1953-இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. ஒரு மாநகராட்சியையே ஒரு மீன்பிடி மன்றம் நீதிமன்றத்தில் வென்றது!

இப்படிச் சொல்வதால் அந்நாட்டு ஆறுகள் எல்லாம் தேவலோகத்து நதிகள் என்று எண்ணிவிட வேண்டாம். குடிநீருக்காக நிலத்தடி நீரை அளவின்றி உறிஞ்சுவதால் சில சுண்ணப்பாறை ஆறுகளின் தலைப்பகுதிகள் வறண்டிருக்கின்றன. மழைக்காலத்தில் சாக்கடை நீரைத் திறந்துவிடுவதாக அங்கும் பெருங்கூச்சல். அன்றியும் நல்ல ஆற்றங்கரைகள் தனியார் உடைமை. அங்கே ஒருநாள் தூண்டில் போட ஏழை வீட்டுப் பிள்ளையால் இயலாது. ஆயினும் ஒரு நற்செய்தி உண்டு. 2007 முதல் தூண்டிற்காரர்களே தொண்டர்களாகச் சேர்ந்து, மாதம் ஒருமுறை ஆற்றில் இறங்கி, 3 நிமிடம் அடிக்கல்லைக் காலால் கிளறி, கிளம்பும் பூச்சிகளை வலையில் ஏந்தி, 8 வகைகளாகப் பிரித்து எண்ணி எழுதி வைக்கிறார்கள். எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் உடனே அரசுத் துறைக்குச் செய்தி போகிறது. கருவிகளைக் கொண்டு நீரைச் சோதிப்பவர் வந்த நேரத்து நீரைத்தான் காண்பார். பூச்சியோ இரவும் பகலும் அங்கேயே கிடப்பது. நள்ளிரவில் யாரோ திறந்துவிட்ட கழிவையும் அது தன் உயிரால் பதிவு செய்துவிடும்.

இதைப் படித்தபோது எனக்குப் பெரிய வியப்பு ஏற்படவில்லை. ஏனெனில் இதே பாடத்தை எழுதப்படிக்கத் தெரியாத என் அப்பச்சி எனக்கு முன்பே கற்பித்திருந்தார்.

அம்மாவின் பிறந்த ஊர், முறுக்குக்குப் பேர்போன ஆட்டையாம்பட்டிப் பக்கம். அப்பச்சி விவசாயி. ஆனால் தூண்டில் என்றால் உயிரை விடுவார். கழி மூங்கில், நரம்பு கடையில் வாங்கிய தங்கூசி, தக்கைக்கு மயிலிறகின் தண்டு. என்னைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு ஜேடர்பாளையத்துக்கோ, பரமத்தி வேலூருக்கோ, காவிரிக் கரைக்குப் போவார். போனதும் தூண்டிலை எடுக்கமாட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் அளவு நீரில் இறங்கி, ஒரு கல்லைத் தூக்கிப் புரட்டுவார். அதன் ஈர அடிப்பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பார். பிறகு, எடுத்த இடத்திலேயே, எடுத்தபடியே வைத்துவிடுவார்.

"என்னங்க அப்பச்சி பாக்கறீங்க?" என்று கேட்பேன்.

"கல்லுக்கு அடில உசுரு ஊறுதான்னு பாக்கறன் கண்ணு. அது ஊறுனாத்தான் மீனு நிக்கும். வெறுங்கல்லா இருந்தா, பொழுதெல்லாம் குந்தியிருந்தாலும் தக்கை அசையாது."

ஒருநாள், "இவ்வளவு தூரம் எதுக்குங்க பஸ்ஸுல வரோணும்? நம்மூரு ஆத்துலயே போட்டா என்னங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் உடனே விடை சொல்லவில்லை. தக்கையைப் பார்த்தபடியே, "அதுல என்னத்தப் போடறது சாமி? முள்ளுத்தான் கருத்துப்போகும்" என்றார். சற்றுப் பொறுத்து, "நான் கல்லப் பொரட்டக் கத்துக்கிட்டதே அந்த ஆத்துலதான்" என்றார்.

அவர் சொன்ன அந்த ஆறுதான் திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகரின் நடுவே சுகவனேசுவரர் கோயிலருகே ஓடி, உத்தமசோழபுரத்தில் கரபுரநாதர் கோயிலைத் தொட்டு, நாமக்கல் மாவட்டத்துக்குள் புகுந்து, பரமத்தி வேலூருக்கு அருகே நஞ்சை இடையாற்றில் காவிரியோடு கலப்பது. மணியும் முத்தும் பெயரிலேயே கொண்ட ஆறு! கெண்டையும் கெளுத்தியும் விராலும் அதில் பிடித்த கதைகளை அப்பச்சி சொல்வார். மணலைக் கையால் தோண்டி ஊற்றுநீர் குடித்ததாகச் சொல்வார். என் அம்மா பள்ளிக்குப் போகும் வயதிலேயே அதெல்லாம் பழங்கதையாகிவிட்டதாம். இன்று நல்ல மழை பெய்தால் அந்த ஆற்றின் தரைப்பாலங்களில் நுரை மலைபோல் குவிந்து நிற்பதைச் செய்தித்தாளில் படமாகப் போடுகிறார்கள்.

இது ஓர் ஊரின் கதை மட்டுமன்று. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் நாடு முழுவதும் மாசுபட்ட 351 ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. தமிழ்நாட்டிலிருந்து 6 ஆறுகள் அதில் இடம்பெற்றன: காவிரி, சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிட்ட நதி, பவானி, தாமிரபரணி. இவற்றுள் முதல் நான்கும் மிக மோசமான முதல் வகுப்பில் வைக்கப்பட்டன. தேர்விலே முதல் வகுப்பு பெறுவது பெருமை. இதிலே அது தலைகுனிவு. அந்த நான்கில் சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிட்ட நதி ஆகிய மூன்றும் சேலம் மாவட்டத்து ஆறுகள் என்பதை நாம் நெஞ்சில் இருத்த வேண்டும்.

அந்த முதல் வகுப்பின் பொருள் என்ன என்று விலங்கியல் மாணவர் அல்லாத நண்பர்களுக்கும் விளங்கச் சொல்லுகிறேன். நீரில் கரைந்திருக்கும் உயிர்வளியைத்தான் மீன் மூச்சாக இழுக்கிறது. மாவும் மலமும் சாயமும் நீரில் சேரும்போது, அவற்றைத் தின்று அழிக்கும் நுண்ணுயிர்கள் பெருகி, அந்த உயிர்வளியை எல்லாம் தாமே உண்டுவிடுகின்றன. ஒரு லிட்டர் நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எத்தனை மில்லிகிராம் உயிர்வளி தேவைப்படுகிறது என்பதே கணக்கு. அது 30 மில்லிகிராமைத் தாண்டினால் முதல் வகுப்பு. குளிக்கத் தகுந்த நீருக்கு அது 3-க்கு மேல் போகக்கூடாது. இத்தகைய நீரில் மீன் நஞ்சுண்டு சாவதைவிட மூச்சுத் திணறிச் சாவதே மிகுதி.

இதற்குக் காரணம் யார் என்றால், விரலை ஒரு திக்கில் மட்டும் நீட்ட முடியாது. நகரத்துச் சாக்கடையில் நம் ஒவ்வொரு வீட்டுக்கும் பங்குண்டு. சாயப்பட்டறைகளின் வண்ண நீருக்கும் பங்குண்டு. குச்சிக்கிழங்கை அரைத்து மாவெடுக்கும் ஜவ்வரிசி ஆலைகளுக்கும் பங்குண்டு; கிழங்கைக் கழுவவும் அரைக்கவும் மாவைத் தெளியவைக்கவும் நீர் ஏராளமாகச் செலவாகிறது; அது புளித்துப்போய் வெளியேறுகிறது. ஆயினும் அந்தக் கிழங்கும் அந்தத் தறியும்தான் நம்மில் பலருக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டின. என் அப்பச்சியும் கிழங்கு போட்டவர்தான். எனவே ஆலைகள் ஒழிக என்று கூவுவது நன்றி மறந்த பேச்சாகும். அந்தப் புளித்த நீரிலிருந்தே எரிவாயு எடுத்துத் தம் ஆலையில் பயன்படுத்தும் உரிமையாளர்கள் இன்று இப்பகுதியில் பலர் இருக்கிறார்கள். வழி உண்டு, செய்து காட்டியவர்களும் உண்டு. செய்யாதவரைச் செய்ய வைப்பதற்குத்தான் ஆள் இல்லை.

ஏன் இல்லை? இந்தக் கேள்வியில்தான் என் மனம் நெடுநாள் நின்றது. அப்பச்சி சொன்னவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தேன். முதலில் கல்லுக்கடியில் இருந்த பூச்சி போயிற்று. பின்னர் மீன் போயிற்று. மீன் போனதும் தூண்டிற்காரர்கள் வேறு நீரைத் தேடிப் போனார்கள். துவைக்க வந்தவரும் குளிக்க வந்தவரும் அவர்களுக்குப் பின்னே போனார்கள். குனிந்து தண்ணீரைப் பார்க்க ஒருவரும் மிஞ்சவில்லை. அதன்பிறகு 'ஆறு' என்று சொல்லி வந்த வாயெல்லாம் 'சாக்கடை' என்று சொல்லத் தொடங்கியது. ஓர் ஆற்றுக்கு மக்கள் அந்தப் பெயரைச் சூட்டிவிட்டால், அதில் எதை ஊற்றினாலும் குற்றமாகத் தெரிவதில்லை. கேட்பாரற்ற நிலத்தில் குப்பை சேருவதுபோல, பார்ப்பாரற்ற ஆற்றில் நஞ்சு சேருகிறது. ஆறு கெட்டதால் மனிதர் விலகினர் என்பது பாதி உண்மை. மனிதர் விலகியதால் ஆறு மேலும் கெட்டது என்பது மற்றப் பாதி.

பார்க்கும் கண்ணின் மதிப்பை, நம் காவிரியே மேட்டூருக்கு மேலே, ஒகேனக்கலையும் கடந்து, கர்நாடக எல்லையில் நமக்குக் காட்டுகிறது. அங்கே காட்டுக்குள் ஓடும் பகுதியில் கூன்முதுகு மகசீர் என்னும் பெரிய கெண்டையினம் வாழ்கிறது. காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. 1946-இல் கபினி ஆற்றில் தூண்டிலில் பிடிபட்ட ஒரு மகசீர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ எடையிருந்தது! இம்மீனின் புகழை உலகுக்குச் சொன்னவர்களுள் ஒருவர், சென்னை மாகாணத்து அதிகாரியாக இருந்த எச்.எஸ்.தாமஸ், 'தி ராட் இன் இந்தியா' என்ற அவருடைய நூல் 1873-இல் வெளிவந்தது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைக் குற்றமாக்கிய இந்திய மீன்வளச் சட்டம் 1897-இல் வந்தது. சட்டம் வந்தும் வெடிச் சத்தம் ஓயவில்லை. 1970-களுக்குப் பின், பெங்களூர்த் தூண்டிற்காரர்கள் அந்த ஆற்றின் ஒரு பகுதியைப் பொறுப்பேற்று, காவலர்களை அமர்த்தி, பிடித்த மீனை எடைபோட்டுத் திரும்ப நீரிலேயே விடும் வழக்கத்தைக் கொண்டுவந்தனர்.

அவர்கள் செய்த இன்னொரு காரியம் அதனினும் பெரிது. பிடித்த ஒவ்வொரு மீனையும் ஏட்டில் எழுதி வைத்தார்கள். காலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதப்பட்ட அந்த ஏடுகளை அறிவியலாளர் எடுத்து ஆராய்ந்தபோது ஓர் அதிர்ச்சியான உண்மை வெளிப்பட்டது. பிடிபடும் மகசீர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. ஆனால் கூடியது, வேறிடத்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீர்; காவிரியின் சொந்தக் கூன்முதுகு மகசீர் அருகிக்கொண்டே போனது. 2018-இல்தான் அதற்குரிய அறிவியல் பெயர் 'டோர் ரெமாதேவி' என்பது உறுதிப்பட்டது. அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பிலுள்ள இனமாகவும் அறிவிக்கப்பட்டது. தூண்டிற்காரரின் ஏடு இல்லாதிருந்தால் இந்த மீன் குறைந்ததைக் கூட நாம் அறிந்திருக்கமாட்டோம். காட்டுயிர் சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதற்குப் பின்னர் தடை வந்தது. 2012-உடன் அந்த ஏடும் நின்றது. தடை சரியா தவறா என்று வாதிடுவது என் நோக்கமன்று. கொக்கியில் மாட்டுவதே கொடுமை, அதை விளையாட்டு என்பது இன்னும் கொடுமை என்று சொல்பவர் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. வயிற்றுப்பாட்டுக்காக மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பரிசலில் சென்று வலை விரிக்கும் மீனவரே உண்மையான காவலர் என்றாலும் ஒப்புக்கொள்வேன். நான் வேண்டுவது ஒன்றே: தூண்டில் போகட்டும், தூண்டிற்காரனின் கண் போகக்கூடாது.

இங்கிலாந்துத் தூண்டிற்காரருக்கு ஆற்றில் உடைமை உரிமை இருந்தது. அதனால் வழக்கில் வென்றார்கள். நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்று கேட்கலாம். நமக்கும் உண்டு. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இலேயே இயற்றப்பட்டது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-இல் அமைந்தது. பாலாற்றைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் கெடுத்தபோது, வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு உச்சநீதிமன்றம் வரை சென்று, 1996-இல் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்ப்பைப் பெற்றது. மாசுபடுத்தியவரே இழப்பீட்டுக்கும் சீரமைப்புக்கும் பொறுப்பு என்ற நெறி நம் நாட்டுச் சட்டத்தில் வேரூன்றிய வழக்குகளுள் அதுவும் ஒன்று. ஆகவே சட்டமும் இருக்கிறது, வழியும் இருக்கிறது. சட்டத்தின் கையில் கொடுக்கச் சான்று வேண்டும். சான்று எங்கிருந்து வரும்? குனிந்து பார்த்து எழுதி வைப்பவனிடமிருந்துதான் வரும்.

இந்த எண்ணத்தோடு நாங்கள் நான்கு மாணவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வலைத்துணியும் வெள்ளைப் பீங்கான் தட்டும் கொண்டு புறப்பட்டோம். காலையில் சேர்வராயன் அடிவாரத்து ஓடை ஒன்றில் கல்லைப் புரட்டினோம். மூன்று வால்களோடு, வயிற்றின் இருபுறமும் செவுள்கள் துடிக்க, மேபிளைக் குஞ்சுகள் கல்லோடு கல்லாய் ஒட்டிக்கொண்டிருந்தன. மணலைப் பட்டிழையால் ஒட்டித் தன்னைச் சுற்றி வீடு கட்டிக்கொண்ட புழு ஒன்றும் தட்டில் ஊர்ந்தது. பிற்பகலில் நகரைத் தாண்டிக் கீழே வந்து, கையுறையும் முழங்கால் வரை ரப்பர் காலணியும் அணிந்து, கரையோரத்துக் கல்லைப் புரட்டினோம். கல்லின் அடிப்பக்கம் கருமையாக, வழவழப்பாக இருந்தது. அழுகிய முட்டை நாற்றம். சேற்றில் செந்நிறப் புழுக்கள் மட்டும் நெளிந்தன. உயிர்வளி இல்லாத நீரிலும் பிழைத்துக்கொள்ளும் வகை அவை. காலையில் பார்த்த வகைகளில் ஒன்றுகூட அங்கே இல்லை. ஒரே ஆற்றுப் படுகை, இடையே சில மைல் தூரம், இடையே நாம்.

ஒன்று மட்டும் அங்கே புரிந்தது. மலையடிவாரத்தில் அந்தப் பூச்சிகள் இன்னும் இருக்கின்றன. மேபிளைக்குச் சிறகு உண்டு. நீர் திருந்துமானால் அது தானே பறந்து கீழே வரும். எந்த அரசாணையும் அதற்கு வேண்டியதில்லை. விதை நெல் இன்னும் குதிருக்குள் இருக்கிறது. நிலம்தான் சீர்படவில்லை.

ஆதலால் மாணவ நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். விலங்கியல் துறையில் ஓர் ஏடு திறப்போம். மலையடிவாரம், உத்தமசோழபுரம், நஞ்சை இடையாறு என மூன்று இடங்கள் போதும். மாதம் ஒருநாள், ஒரே நேரத்தில், ஒரே முறையில், கல்லைப் புரட்டி, கண்டதைக் கண்டபடி எழுதுவோம். எந்த வகை இருந்தது, எந்த வகை இல்லை, நீரின் நிறம் என்ன, மணம் என்ன, நுரை இருந்ததா? வேதியியல் மாணவர்கள் அமிலத் தன்மையையும் உயிர்வளியையும் அளந்து தரலாம். பொருளியல் மாணவர்கள் ஆலைகளின் சிரமத்தைக் கேட்டு எழுதலாம். தமிழ்த்துறை நண்பர்கள் கரையோரத்து முதியவர்களிடம் சென்று, எந்த மீன் எந்தத் துறையில் கிடைத்தது என்ற நினைவுகளைத் தொகுக்கலாம். அவர்கள் போய்விட்டால் அந்த நினைவும் போய்விடும். கெட்டுப்போன நீரில் வெறுங்காலோடு யாரும் இறங்க வேண்டாம். கரையோரக் கல்லே போதும் கதை சொல்ல. மூன்றாண்டில் நாம் பட்டம் பெற்றுப் போய்விடுவோம். ஏடு அடுத்த வகுப்பின் கைக்குப் போகட்டும். பத்தாண்டு ஏடு ஒன்று ஒரு கல்லூரியில் இருக்கிறது என்றால், அதைப் புறந்தள்ள எந்த அலுவலகமும் சற்று யோசிக்கும்.

ஆற்றுக்குக் காவலர் யார் என்று தலைப்பில் கேட்டேன். சீருடை அணிந்த ஒருவர் வருவார் என்று நாம் இவ்வளவு காலம் காத்திருந்தோம். அப்படி ஒருவர் வந்தாலும் அவர் ஒருவரால் ஆகக்கூடியதன்று. நாள்தோறும் பேருந்தில் அந்தப் பாலத்தைக் கடந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, மறுபக்கம் திரும்பிக்கொள்கிற நாம்தான் அந்தக் காவலர்கள். மூக்கைப் பொத்துங்கள், தவறில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொள்ளாதீர்கள். வருகிற மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, கல்லூரி வாயிலில், வலைத்துணியோடு நிற்போம். வர விரும்புவோர் ஒரு பழைய வேட்டித் துண்டும் ஒரு குறிப்பேடும் கொண்டு வருக.